பாதி முகத்தின் விலை

அம்மாவின் முகத்துக்கு நடுவே இப்போது ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. நெற்றியில் தொடங்கி, மூக்கின் மேலாக இறங்கி, முகவாயில் முடியும் கோடு. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் மூன்று பேருக்கும் அது எங்கே போகிறது என்று தெரியும்.

கோட்டுக்கு இடப் பக்கம் சிவப்பு நூல் கட்டிய குப்பி. வலப் பக்கம் வெள்ளை நூல் கட்டிய குப்பி. ஒன்றில் அம்மா வேலை செய்யும் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் சீரம். மற்றதில் கிளிசரினும் தண்ணீரும். எதில் எது என்பது, குப்பிகளை நிரப்பிய பெரியவனுக்கு மட்டும் தெரியும். சோதனை முடியும்வரை அவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது பேச்சு.

யோசனை அவன் தங்கை சின்னவளுடையது. அவள் பெயின்ட் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு பலகையின் நடுவே நாடா ஒட்டி, இந்தப் பாதியில் ஒரு பெயின்ட், அந்தப் பாதியில் இன்னொன்று என்று பூசி வெயிலில் வைப்பார்கள். பூசுகிறவர் மதிப்பெண் போடக் கூடாது. மதிப்பெண் போடுகிறவருக்கு எது எது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் கண் பொய் சொல்லும்.

அம்மா அந்தச் சீரத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, இது இந்தக் காசுக்குத் தகுமா என்று கேட்டபோது சின்னவளுக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

அம்மா கேட்டதில் ஆச்சரியம் இல்லை. பெரிய கடையின் முகப்பூச்சுப் பிரிவில் வருஷக்கணக்காக நிற்கிறாள். வருகிறவர்கள் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. அம்மாவைத்தான் கேட்பார்கள், "வாங்கலாமாக்கா?" என்று. தனக்குத் தெரியாததை அம்மா தலையாட்டி விற்றதில்லை. இந்த முறை மேலாளர் விடவில்லை. சிரித்துக்கொண்டே 'வாங்குங்க' என்று சொல்ல என்ன கஷ்டம் என்று கேட்டார். ஒரு துளி கீழே விழுந்தால் குனிந்து தேட வேண்டிய விலை, தெரியாமல் எப்படிச் சொல்வது என்றாள் அம்மா. அப்படியானால் நீங்களே போட்டுப் பாருங்கள் என்று அவர் ஒரு குப்பியைக் கொடுத்தார்.

அப்பா போன பிறகு அந்த வீடு நிற்பது அம்மா அந்தக் கடையில் நிற்பதால்தான். முகப்பூச்சு விற்கிறவளுக்கு முகம்தான் விளம்பரப் பலகை. சின்னவளுக்கு அது தெரியும். அதனால்தான் அவ்வளவு கவனமாகச் செய்தாள். தினமும் காலையில் ஒரே ஜன்னல், ஒரே வெளிச்சம், ஒரே தூரம். படம் எடுத்து, கண், வாய் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, நெற்றியையும் கன்னத்தையும் மட்டும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தன. முந்தாநாள் காலையில் இடப் பக்கம் மாறத் தொடங்கியது.

இன்று அது கண்கூடு. இடப் பக்க நெற்றியில் ஒரு வரிகூட இல்லை. மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு, அழிரப்பரால் அழித்ததுபோல் மறைந்திருந்தது. வலப் பக்கம் பழைய அம்மா. இடப் பக்கம் திருமண ஆல்பத்தில் இருக்கும் அம்மா.

"நல்லாருக்கும்மா," என்றாள் சின்னவள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அந்த ஒரு சொல்லை அவள் இரண்டு முறை சொன்னாள்.

அம்மா கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, அப்படியா என்று மட்டும் கேட்டாள். டீயை எடுத்துக்கொண்டு சமையலறைத் தொட்டிப் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தாள். காதுக்குப் பின்னால் குத்துகிறது, பஸ்ஸில் காற்றுப் பட்டிருக்கும் என்றாள். கைக்குட்டையை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

இன்று கடையில் சீரத்தின் அறிமுக நாள். கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மேலாளர் நேற்றே அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, குப்பியின் ரகசியம் உடையும்வரை காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். எந்தப் பக்கம் சீரம் என்பதற்குச் சாட்சி வேறு வேண்டுமா என்று கேட்டாராம்.

சின்னவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. சோதனைக்கூடத்தில் யாராவது இப்படி அவசரப்பட்டிருந்தால் அவள் முகம் சுளித்திருப்பாள். ஆனால் இது அம்மா. அம்மாவின் முகத்தில் பாதி வயது குறைந்திருந்தது. யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது.

~

சோதனைக்கூடத்தில் காலை வேலை முடிந்ததும் சின்னவள் போனைத் திறந்தாள். இன்றைய படங்களை இன்னும் வெட்டவில்லை.

ஒவ்வொரு நாளும் அவள் வரிசையாகப் பல படங்கள் எடுப்பாள். கண் இமைத்தவற்றை அழித்துவிடுவாள். இமைத்த முகத்தில் நெற்றித் தோல் கொஞ்சம் இழுபடும். அளவு தப்பிவிடும்.

இன்றும் அப்படி ஒரு படம் இருந்தது. அழிக்கப் போனவள் நின்றாள்.

வலது கண் மூடியிருந்தது. இடது கண் மூடவில்லை.

இமை பாதியில் நின்றிருந்தது. கருவிழி மேலே ஏறிப்போய், கீழே வெள்ளை மட்டும் தெரிந்தது. தூங்குகிறவளும் விழித்திருக்கிறவளும் ஒரே முகத்தில் இருந்தார்கள்.

அவள் படத்தைக் கீழே நகர்த்தினாள். இத்தனை நாள் வெட்டி எறிந்த இடத்துக்கு. வாயின் இடது ஓரம் கீழே வழிந்திருந்தது.

பக்கத்து மேசையில் கலக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது.

முதலில் அவளுக்குக் குப்பிதான் ஞாபகம் வந்தது. சிவப்பு நூல். அதற்குள் என்ன இருக்கிறது? வரியை எடுப்பதற்குத் தசையை மரத்துப்போகச் செய்யும் ஏதாவது கலந்திருந்தால்? அதை அவள்தானே இடப் பக்கம் பூசச் சொன்னாள். கண்ணோரம் வரை பூசு, விளிம்பு விடாதே என்று அவள்தானே சொன்னாள்.

அம்மாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. கடையில் நிற்கும்போது போனைப் பெட்டகத்தில் வைத்துவிடுவார்கள்.

பெரியவனுக்குப் போட்டாள். அவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். குழிக்குள் இறங்கிவிட்டால் சிக்னல் கிடைக்காது. திரும்பத் திரும்பப் போட்டாள். பிறகு, எந்தக் குப்பியில் எது என்று உடனே சொல், விளையாடாதே என்று செய்தி அனுப்பினாள். மேற்பார்வையாளரிடம் போய், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அது உண்மை என்று அவளுக்கே உறைத்தது.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். பாதி வழியில் பெரியவன் கூப்பிட்டான்.

"என்ன விஞ்ஞானி, முடிவு தெரியாம தூக்கம் வரலையா?"

"அண்ணா, சிவப்புல என்ன இருக்கு?"

"அதான் கடைசி நாள்ல சொல்றதா..."

"அம்மாவுக்குக் கண்ணு மூடல."

அந்தப் பக்கம் இரும்புக் கதவு ஒன்று எங்கோ இழுபடுவது மட்டும் கேட்டது.

"நீ திட்டக் கூடாது," என்றான்.

"சொல்லு."

"சீரம் ரெண்டுலயும் இல்ல. ஊத்தும்போது கை வழுக்கிடுச்சு. தொட்டியில விழுந்து ஒடைஞ்சு, எல்லாம் போயிடுச்சு. அம்மா மொகத்தைப் பார்த்து சொல்ற தைரியம் வரல. ரெண்டுலயும் கிளிசரினையும் தண்ணியையும் ஊத்திட்டேன். கடைசில சொல்லி சிரிக்கலாம்னு நெனச்சேன். ரெண்டு நாளா நீங்க இடது பக்கம் இடது பக்கம்னு சொன்னப்போ எனக்கே சிரிப்பு. மனப்பிரமைன்னு நெனச்சேன்."

சின்னவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"கிளிசரின் ஒண்ணும் பண்ணாது இல்ல?" என்று கேட்டான். அவன் குரல் சின்னப் பையன் குரல்போல் ஆகியிருந்தது. "அப்போ நல்லதுதானே? மருந்தால இல்லன்னா நல்லதுதானே?"

நல்லது இல்லை. அவளுக்கு அது அந்த நொடியே புரிந்தது.

பலகையின் இரண்டு பாதியிலும் ஒரே பெயின்ட் இருந்து, ஒரு பாதி மட்டும் மாறினால், பெயின்ட்டைப் பார்க்காதே. பலகையைப் பார். சோதனைக்கூடத்தில் சேர்ந்த புதிதில் கற்றுக்கொண்ட பாடம்.

இங்கே பலகை அம்மா.

அப்பா ஒரு காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து எதையோ கேட்டார். சொல் குழறியது. வாய் ஒரு பக்கமாக நழுவியிருந்தது. விளையாடுகிறார் என்று நினைத்து பெரியவன் அவரைப் போலவே வாயைக் கோணிக் காட்டினான். அன்று சாயங்காலம் அப்பா இல்லை.

அந்த வாயைத்தான் அவள் தினமும் வெட்டி எறிந்துகொண்டிருந்தாள்.

எந்த ஆஸ்பத்திரி என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டு, நேரே அங்கே வரச் சொன்னாள்.

~

கடையின் கீழ்த்தளம் நிறைந்திருந்தது. முகப்பூச்சுப் பிரிவின் நடுவில் உயரமான நாற்காலி. அதில் அம்மா. முகத்துக்கு நேரே வட்ட விளக்கு. பக்கத்தில் மேலாளர் மைக்குடன். கம்பெனி ஆட்கள் மூன்று பேர் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மேலாளர் ஒரு வெள்ளை அட்டையால் அம்மாவின் இடப் பாதியை மறைத்தார். இது நேற்று வரை என்றார். பிறகு அட்டையை வலப் பக்கம் மாற்றினார். இது இன்று என்றார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஒருத்தி தன் தோழியின் தோளைத் தொட்டு, சுருக்கமே இல்ல பாரேன் என்றாள்.

அம்மா வாயை மூடிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சின்னவளுக்கு அந்த உட்காருதல் புரிந்தது. அசைந்தால் தெரிந்துவிடும்.

முன் வரிசையில் தையல்காரம்மா நின்றிருந்தாள். அம்மாவின் பழைய வாடிக்கை. நூல் பிசிறு ஒட்டிய புடவை, கையில் சீரம் பெட்டி. விலையைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் கேட்டாள். "வாங்கலாமாக்கா?"

அம்மாவின் உதடு அசைந்தது. சொல் வரவில்லை.

"அவங்க எதுக்குங்க சொல்லணும்?" என்றார் மேலாளர் சிரித்தபடி. "முகத்தைப் பாருங்க. அதுவே பதில்."

சின்னவள் பள்ளியில் காலைக் கூட்டத்தில் பாடச் சொன்னாலே காய்ச்சல் வரவழைத்துக்கொள்கிறவள். இப்போது ஆட்களைத் தோளால் தள்ளிக்கொண்டு போனாள். விளக்கு வட்டத்துக்குள் நுழைந்து அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"அம்மா. கன்னத்தை உப்பிக் காட்டு."

அம்மா அவளைப் பார்த்தாள். மறுக்கவில்லை. காரணம் கேட்கவில்லை. உதட்டை மூடிக் கன்னத்தை உப்ப முயன்றாள். வலது கன்னம் உருண்டது. இடது உதட்டோரத்திலிருந்து காற்று மெல்லச் சீறி வெளியேறியது.

யாரோ சிரித்தார்கள். வேடிக்கை காட்டுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

அம்மா நாற்காலியிலிருந்து இறங்கினாள். மேலாளர் அவள் முழங்கையைப் பிடித்து, ஐந்தே நிமிடம், படம் மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றார். சின்னவள் அந்தக் கையைப் பார்த்தாள். அவர் தானாகவே கையை விலக்கிக்கொண்டார்.

"எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்ல," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

பெட்டகத்திலிருந்து அம்மாவின் கைப்பையையும் போனையும் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். பின்னால் மைக்கில், வெளிச்சம் ஒத்துக்கொள்ளவில்லை, வேறொன்றும் இல்லை என்று அவர் சொல்வது வாசல்வரை கேட்டது.

~

அவசரப் பிரிவின் டாக்டர் இளம் வயதுப் பெண். தூக்கம் போதாத கண்கள், ஆனால் கை நிதானமாக இருந்தது. இரண்டு கையையும் நீட்டச் சொன்னாள். கண்ணை மூடி அப்படியே வைத்திருக்கச் சொன்னாள். வலது கண் மூடியது. கைகள் இரண்டும் இறங்காமல் நின்றன. காலால் தன் உள்ளங்கையைத் தள்ளச் சொன்னாள். சுவரில் இருந்த படத்தைக் காட்டி அதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"குழந்தை. அழற குழந்தை," என்றாள் அம்மா. 'ழ' சரியாக வந்தது. சின்னவள் அதைக் காதால் பிடித்துக்கொண்டாள்.

"இப்போ புருவத்தை மேல தூக்குங்கம்மா. ஆச்சரியப்படற மாதிரி."

"இந்த வயசுல ஆச்சரியப்பட என்ன இருக்கு," என்றாள் அம்மா. ஆனாலும் தூக்கினாள்.

வலப் பக்க நெற்றியில் வரிகள் எழுந்தன. ஒன்று, அதன் மேல் ஒன்று. இடப் பக்கம் எதுவும் எழவில்லை. தேய்த்து வைத்த துணிபோல அப்படியே கிடந்தது.

சின்னவள் இன்னும் நெருங்கி வந்து பார்த்தாள். நெற்றிவரை போய்விட்டது என்று நினைத்தாள். அந்த ஒரு வரி வந்துவிடாதா என்று அவள் கண் அங்கேயே நின்றது. இத்தனை நாள் எது போக வேண்டும் என்று பார்த்தாளோ, அது வர வேண்டும் என்று இப்போது பார்த்தாள்.

டாக்டரின் தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன.

"வரி வந்திருந்தாத்தான் நான் அதிகமா பயந்திருப்பேன்," என்றாள்.

விளக்கினாள். நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் இணைப்பு இருக்கிறது. மூளையில் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டால், வாய் கோணும், ஆனால் மறுபக்கம் கைகொடுத்து நெற்றி அசையும். நெற்றியும் சேர்ந்து நின்றுபோனால், பெரும்பாலும் காதுக்குப் பின்னாலிருந்து முகத்துக்கு வரும் நரம்பு மட்டும் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

"பெரும்பாலும்னா, டாக்டர்?"

"பெரும்பாலும்தான்." அவள் மழுப்பவில்லை. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, அதனால் ஸ்கேன் பார்க்காமல் அனுப்ப மாட்டேன் என்றாள். நரம்புதான் என்றால் மாத்திரையைச் சீக்கிரம் தொடங்க வேண்டும், தாமதமானால் பலன் குறையும் என்றாள். "எப்போ ஆரம்பிச்சுது?"

"இன்னிக்கு காலைல," என்றாள் அம்மா.

சின்னவள் போனை நீட்டினாள். "முந்தாநாள்."

டாக்டர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பாதி நெற்றி. பாதி கன்னம். மறுபடி பாதி நெற்றி. எதற்கு இப்படி எடுத்தீர்கள் என்று கேட்டாள்.

"அளக்கறதுக்கு."

"நல்லா அளந்திருக்கீங்க," என்றாள் டாக்டர். அதில் கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

அப்போது பெரியவன் வந்து சேர்ந்தான். சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. வாசலிலேயே நின்றான். அம்மா அவனைப் பார்த்ததும் சிரித்தாள். சிரிப்பு வலப் பக்கம் மட்டும் போயிற்று. அவன் டக்கென்று சுவர்ப் பக்கம் திரும்பி, மாட்டியிருந்த நாட்காட்டியைப் படிக்கத் தொடங்கினான்.

~

ஸ்கேன் அறைக்கு வெளியே நீளப் பெஞ்சு. மாத்திரைகளையும் கண்ணுக்கு விடும் மருந்தையும் வாங்கிவரப் பெரியவன் போயிருந்தான். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி, சின்னவள் அம்மாவின் இடது கண்ணுக்கு மேல் உள்ளங்கையைக் குடைபோல் பிடித்திருந்தாள். மூடாத கண் காய்ந்துவிடக் கூடாதாம்.

இது திரும்பி வருமா என்று அம்மா உள்ளே கேட்கவில்லை. சின்னவள்தான் கேட்டாள். நிறையப் பேருக்கு வந்துவிடும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும், யாருக்கு எது என்று இன்று சொல்ல முடியாது என்றாள் டாக்டர். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு, நிற்கிற வேலைக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டாள்.

அம்மாவின் தலை சின்னவளின் தோளில் சாய்ந்திருந்தது. தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று தெரியவில்லை. கண்ணைப் பார்த்தால் தெரியும் என்ற வசதி போய்விட்டிருந்தது.

"சின்னது."

"சொல்லும்மா."

"எனக்கு முந்தாநாளே தெரியும். வாய் கொப்பளிச்சேன். தண்ணி ஒரு பக்கமா ஒழுகிடுச்சு." உதடு ஒத்துழைக்காத இடங்களில் அம்மா நின்று, எச்சிலை விழுங்கி, மறுபடி தொடங்கினாள். "உங்கப்பாவுக்கு வந்ததுதான்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ படத்தை வச்சுக்கிட்டு, இடது பக்கம் நல்லாருக்கும்மா, வரியே இல்லம்மான்னு சொன்னே. நீ அப்படி சிரிச்சு எத்தனை நாளாச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீ படிச்சவ. நீ அளந்து சொல்றே. அப்போ மருந்து வேலை செய்யறப்போ வாய் இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன். என் வாயை நம்பல. உன்னை நம்பிட்டேன்."

சின்னவளின் கை சற்றே தாழ்ந்தது. கண்ணுக்கு மேலிருந்து எடுத்துவிடக் கூடாது என்பதால் இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"திட்டறேன்னு நெனைக்காதே," என்றாள் அம்மா. "இப்பவும் நெத்தியைப் பத்தி அந்த டாக்டர் சொன்னது சரியான்னு நீ சொல்லு. நீ சொன்னா கொஞ்சம் தைரியமா உள்ள போவேன்."

சின்னவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். சரி என்று சொல்லலாம். டாக்டர் விளக்கியது கேட்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு நாளாக அவள் அளந்து சொன்னதும் அப்படித்தான் இருந்தது.

"எனக்குத் தெரியலம்மா," என்றாள். "உள்ள பார்த்தாத்தான் தெரியும். நான் வெளிலயே நிக்கறேன்."

அம்மா தலையசைத்தாள். ஊழியர் வந்து பெயர் கூப்பிட்டார். காதணிகளைக் கழற்றிச் சின்னவள் கையில் வைத்துவிட்டு அம்மா எழுந்தாள். கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

பெஞ்சில் அம்மாவின் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. மேலாளர்.

அவர் உற்சாகமாக இருந்தார். அம்மா என்று நினைத்துக்கொண்டு பேசினார். வந்த சரக்கு மாலைக்குள் தீர்ந்துவிடும்போல் இருக்கிறது என்றார். தையல்காரம்மாகூட வாங்கிக்கொண்டுதான் போனாள் என்றார். முகத்தின் படத்தை வாசல் கண்ணாடியில் பெரிதாக ஒட்டியாயிற்று, கம்பெனிக்காரர்கள் மற்றக் கிளைகளுக்கும் அதையே கேட்கிறார்கள் என்றார்.

"நான் அவங்க பொண்ணு பேசறேன்," என்றாள் சின்னவள். "அந்தப் படத்தை எடுத்துடுங்க சார்."

அவர் சிரித்தார். ஏன் என்று கேட்டார்.

"அது அழகு இல்ல சார். அந்தப் பக்கம் நரம்பு வேலை செய்யல. அதனாலதான் வரி இல்ல. எங்கம்மா முகத்துல உங்க சீரம் ஒரு சொட்டுகூடப் படல."

அந்தப் பக்கம் கடையின் பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கதவு மூடும் ஓசை. பாட்டு நின்றது. அவர் ஏதோ அறைக்குள் போயிருக்க வேண்டும். பேசியபோது குரலில் சிரிப்பு இல்லை. அம்மாவுக்கு எத்தனை வருஷச் சர்வீஸ், இந்த நிலைமையில் எத்தனை மாசம் லீவு தேவைப்படும், அதெல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது என்று மென்மையாகச் சொன்னார். கோபமே இல்லாமல் சொன்னார்.

பிறகு கேட்டார். "இதை வேற யாருகிட்டயும் சொல்லலையே?"

தலைக்கு மேல் சிவப்பு விளக்கு அணைந்தது. கதவின் பின்னால் யாரோ நடந்து வரும் சத்தம். ஒரு ஜோடிச் செருப்பா இரண்டா, அம்மா தானாக நடந்து வருகிறாளா, கூட யாராவது வருகிறார்களா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. கையில் அம்மாவின் காதணிகள் உறுத்தின.

"இன்னும் இல்ல சார்," என்றாள் சின்னவள்.